போரில் மாண்ட வணிக மாலுமியின் பெயர் எந்த நினைவிடத்தில் இருக்கும்? தேடிக் கண்டுபிடிக்கும் வழி

ஆளைத் தேடுவதற்கு முன் கப்பலைத் தேடுங்கள். வணிகக் கப்பலில் போய்ப் போரில் இறந்த ஒருவரைப் பற்றி விசாரிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெயரை வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரே பெயரில் பக்கம் பக்கமாக ஆட்கள் வந்து நிற்பார்கள், அல்லது ஒருவர்கூட வரமாட்டார், அத்தோடு சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். கோதுமையும் நிலக்கரியும் எண்ணெயும் ஏற்றிப் போன அந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் படைவீரர்கள் இல்லை. அவர்களுக்கு ரெஜிமென்ட் கிடையாது, படை எண் கிடையாது, பெரும்பாலானவர்களுக்குக் கல்லறையும் கிடையாது. பெயர் எங்கே எழுதப்பட்டிருந்தாலும் கப்பலின் பெயரோடு சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கப்பல் பெயரும் அது மூழ்கிய தேதியும் கையில் இருந்தால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று.

கப்பல் பெயரை எங்கிருந்து பிடிப்பது

வீட்டுப் பெட்டியில் தொடங்குங்கள். கப்பல் கம்பெனியிலிருந்து வந்த கடிதம், இறப்புத் தந்தி, விதவைக்கு வந்த பென்ஷன் தாள், கப்பல்காரர்கள் சி.டி.சி. என்று சொல்லும் டிஸ்சார்ஜ் புத்தகம், இதில் ஏதாவது ஒன்று கிடைத்தாலும் போதும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் ஏறி இறங்கிய ஒவ்வொரு கப்பலும் தேதியோடு வரிசையாக இருக்கும். கடைசி வரியில் ஏறிய தேதி மட்டும் இருந்து இறங்கிய தேதி இல்லையென்றால் நீங்கள் தேடும் கப்பல் பெரும்பாலும் அதுதான்.

பதக்கம் இருந்தால் அதன் ரிப்பனைப் பாருங்கள். பச்சையும் சிவப்பும், நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடுமாக இருந்தால் அது முதல் உலகப் போரில் வணிகக் கப்பல்காரர்களுக்கென்றே கொடுத்த பதக்கம். கப்பலின் வலப்பக்கத்துப் பச்சை விளக்கு, இடப்பக்கத்துச் சிவப்பு விளக்கு, பாய்மரத்து வெள்ளை விளக்கு, மூன்றையும் அந்தத் துண்டுத் துணியில் வைத்திருக்கிறார்கள். பதக்கமே இல்லை என்றால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். இரண்டாம் உலகப் போரில் வணிக மாலுமிகள் பதக்கத்துக்கு மனு போட வேண்டியிருந்தது, எத்தனையோ குடும்பங்கள் போடவே இல்லை.

எதுவுமே இல்லை, "1941-இல் லண்டன் போகிற வழியில் இறந்தார்" என்ற குடும்பப் பேச்சு மட்டும்தான் என்றால் அதுவும் உதவும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த கப்பல்களைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டிருக்கும் யூபோட்.நெட் தளத்தில் அந்த ஆண்டின் கப்பல்களை வரிசையாகப் பாருங்கள். எங்கே கிளம்பியது, எங்கே போனது, என்ன சரக்கு, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். கல்கத்தாவிலிருந்தோ பம்பாயிலிருந்தோ கிளம்பிய கப்பல்களைத் தனியாகக் குறித்துக்கொண்டால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். முதல் உலகப் போர் என்றால் 1915-ஆம் ஆண்டின் கப்பல் ஊழியர் பட்டியல்களை பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகமும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் சேர்ந்து தன்னார்வலர்களை வைத்துப் படியெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. பெயர், வயது, ஊர், முந்தைய கப்பல் என்று எல்லாம் அதில் தேடலாம்.

ஒரே கப்பல், மூன்று நினைவிடங்கள்

பலரும் தடுக்கி விழும் இடம் இது என்பதால் ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். கெய்ர்சோப்பா என்று ஒரு சரக்குக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது, கர்நாடகத்தின் கேருசொப்பா அருவியூரின் பெயரைத் தாங்கியது. 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து வெள்ளிக் கட்டி, வார்ப்பிரும்பு, தேயிலை எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் கான்வாயோடு, அதாவது பாதுகாப்புக்காகக் கூட்டமாகப் போகும் கப்பல் வரிசையோடு, சேர்ந்தது. வழியில் புயல், நிலக்கரி குறைந்துவிட்டது, கான்வாயின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தனியாகப் பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கிப் போனது. 1941 பிப்ரவரி 17 அன்று யூ-101 நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. ஒரு உயிர்ப்படகு மட்டும் 13 நாள் கழித்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கரையை நெருங்கி, கரைக்கு மிக அருகிலேயே அலையில் கவிழ்ந்தது. பிழைத்தவர் ஒரே ஒருவர், இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ்.

கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், அன்றைய வழக்கில் லஸ்கர்கள். எல்லோரையும் கொண்டுபோனது ஒரே டார்பிடோதான், ஆனால் பெயர்கள் ஒரே இடத்தில் இல்லை. உடல் கிடைக்காத பிரிட்டிஷ் அதிகாரிகளின் பெயர் லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் கப்பல் பெயரின் கீழ் இருக்கும். இந்திய மாலுமிகளின் பெயர் பம்பாய்/சிட்டகாங் 1939-1945 போர் நினைவகத்தின் புத்தகத்தில் இருக்கும். வணிகக் கப்பல்களின் பீரங்கியைப் பார்த்துக்கொள்ள ஏறிய கடற்படை ஆட்கள் வணிக மாலுமிகளாகக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் கடற்படை நினைவிடங்களில் இருப்பார்கள். அலைகளுக்குள் கரை சேராமல் போய்ப் பிறகு உடல் ஒதுங்கியவர்களுக்கு மட்டும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம். 2012-லும் 2013-லும் இந்தக் கப்பலிலிருந்து ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி ஆயிரக்கணக்கான வெள்ளிக் கட்டிகளை எடுத்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் வெள்ளியைப் பற்றி எழுதின. அதே அக்கறையோடு அந்தப் பெயர்களையும் யாராவது எழுத வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆக, நினைவிடத்தைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள்: அவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கப்பல் ஏறினார், உடல் கிடைத்ததா இல்லையா. டி.124 என்ற ஒப்பந்தத்தில் வணிக மாலுமிகளாகவே இருந்துகொண்டு கடற்படைக் கப்பல்களில் வேலை செய்தவர்கள் உண்டு. அவர்களில் கல்லறை இல்லாத சுமார் 1,400 பேருக்கு லிவர்பூலில் தனியாக ஒரு நினைவிடம். மீன்பிடிக் கப்பல்காரர் கடற்படையின் ரோந்துப் பிரிவில் சேர்ந்திருந்தால் இங்கிலாந்தின் லோவெஸ்டாஃப்ட் ஊரில் உள்ள நினைவிடம். டவர் ஹில்லில் பெயர் இல்லை என்றதும் "விட்டுவிட்டார்கள்" என்று முடிவு கட்டாமல் இவற்றையும் பார்த்துவிடுங்கள். இங்கிலாந்துத் துறைமுகத்தில் வைத்து வேறு ஒப்பந்தத்தில் ஏறிய இந்தியர் டவர் ஹில் பட்டியலில் இருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் நம்மவர்களுக்கு இரண்டு பட்டியலையும் தேடுவதுதான் நல்லது.

தேடல் பக்கத்தில் என்ன செய்வது

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் போரில் இறந்தவர்களைத் தேடும் பக்கம் இருக்கிறது, காசு கிடையாது. அங்கே பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, நினைவிடத்தின் பெயரையும் இறந்த தேதியையும் மட்டும் கொடுங்கள். கப்பல் மூழ்கிய நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துக் கொடுங்கள். நள்ளிரவை ஒட்டி மூழ்கிய கப்பல்களில் ஒருவருக்கு ஒரு தேதியும் இன்னொருவருக்கு மறுநாளும் பதிவாகியிருக்கும், உயிர்ப்படகில் கிடந்து இறந்தவர்களுக்கு வாரக்கணக்கில்கூடத் தள்ளிப் போகலாம். இப்படித் தேடினால் அந்தக் கப்பலின் ஆட்கள் மொத்தமாக வந்து நிற்பார்கள். பட்டியலை அப்படியே தரவிறக்கி வைத்துக்கொண்டு நிதானமாக ஒவ்வொரு பெயராகப் பார்க்கலாம்.

கப்பல் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு ஊர் இருக்கும், கிளாஸ்கோ, லிவர்பூல் என்று. அது கப்பல் பதிவான துறைமுகம், மாலுமியின் ஊர் இல்லை. ஒரே பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தால் பிரித்துக் காட்டுவது அந்த ஊர்தான்.

பெயரின் எழுத்துதான் பெரிய தலைவலி. லஸ்கர்களின் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவர் கப்பல் கம்பெனியின் குமாஸ்தா. ஒரே ஆள் ஒரு கப்பலில் ஒரு விதமாகவும் அடுத்த கப்பலில் வேறு விதமாகவும் இருப்பார். தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக்கியிருப்பார்கள், பட்டப்பெயரைப் பெயராக்கியிருப்பார்கள், வெறும் ஒற்றைப் பெயரோடு விட்டிருப்பார்கள். அதனால் எழுத்தை நம்பாமல் மற்ற மூன்றை ஒப்பிடுங்கள்: வயது, தகப்பனார் பெயர், கப்பலில் பார்த்த வேலை. சாரங்கு (மாலுமிகளின் தலைவர்), தண்டல் (அவருக்கு அடுத்தவர்), சுக்கானி (சுக்கான் பிடிப்பவர்), பண்டாரி (சமையல்காரர்), ஃபயர்மேன் (தீயணைக்கிறவர் இல்லை, கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர்), பட்லர் என்று வேலைப் பெயர் பதிவில் இருக்கும். "தாத்தா கப்பலில் சமையல்" என்று வீட்டில் சொல்லியிருந்தால் பண்டாரி என்ற வரியைப் பாருங்கள். வயதை மட்டும் கொஞ்சம் தளர்வாக எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு வருஷம் முன்பின் இருப்பது சாதாரணம்.

இணையத்தில் கிடைக்காததை ஆவணக் காப்பகத்தில் தேடலாம். லண்டன் க்யூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 334 என்ற வரிசை கடலில் இறந்த மாலுமிகளின் பதிவேடு, பி.டி. 381 இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஊழியர் ஒப்பந்தங்களும் கப்பல் குறிப்பேடுகளும். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் லஸ்கர்கள் பற்றிய கோப்புகள் உண்டு. நேரில் போக முடியாதவர்கள் கப்பல் பெயர், பதிவுத் துறைமுகம், தேதி மூன்றையும் எழுதி நகலுக்குக் கேட்கலாம், கட்டணம் இருக்கும். அந்த மூன்றும் இல்லாமல் கேட்டால் பணம்தான் வீண்.

தேடியும் பெயர் இல்லை என்றால்

ராணுவத்தில் இருந்தவர் போர்க் காலத்தில் காய்ச்சலில் இறந்தாலும் ஆணையத்தின் கணக்கில் வருவார். வணிக மாலுமிக்கு அப்படி இல்லை, சாவுக்குப் போர்தான் காரணம் என்று காட்ட வேண்டும். துறைமுகத்தில் கிரேன் விழுந்து இறந்தவர், நடுக்கடலில் நிமோனியா வந்து இறந்தவர் பெரும்பாலும் விடுபட்டுப் போவதற்கு இதுதான் காரணம். 1941 மே வரை பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மூழ்கிய அன்றோடு மாலுமியின் சம்பளமே நின்றுபோகும் என்ற நிலைமை இருந்தது, அதிலும் லஸ்கர்களின் சம்பளம் வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்கு. போர் தொடங்கிய 1939-லேயே இந்திய மாலுமிகள் பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களை உயிரோடு இருந்தபோது நடத்திய விதம் பதிவேடுகளிலும் தெரிகிறது, எனவே விடுபட்ட பெயர் என்பது நடக்காத விஷயம் இல்லை.

போரினால் இறந்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தும் பெயர் பட்டியலில் இல்லையென்றால் ஆணையத்துக்கு எழுதலாம், பெயரைச் சேர்ப்பதற்கு அவர்களிடம் முறை இருக்கிறது. இறப்புப் பதிவின் நகல், கப்பலில் இருந்தார் என்பதற்கான ஒப்பந்த நகல், இரண்டும் வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்தவும் இதே வழிதான். பொறுமை வேண்டும், ஆனால் செய்து பாருங்கள். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாவதற்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். போர் முடிந்த பிறகு கண்ணிவெடியில் சிக்கிய கப்பல்களும் இதற்குள் வரும்.

கைதிகளையும் மறக்க வேண்டாம். ஜெர்மனியில் மிலாக் நோர்ட் என்று வணிக மாலுமிகளுக்கென்றே ஒரு முகாம் இருந்தது, இந்தியர்களும் அங்கே அடைபட்டிருந்தார்கள். முகாமில் இறந்தவருக்குக் கல்லறை இருக்கும், கடலில் மறைந்தவர்களின் பட்டியலில் தேடினால் வரமாட்டார்.

நேரில் போகிறவர்களுக்கு

டவர் ஹில் லண்டன் கோபுரத்துக்கு எதிரில், டிரினிட்டி சதுக்கத் தோட்டத்தில் இருக்கிறது. முதல் போருக்கான மண்டபம் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்தது, 1928 டிசம்பரில் திறந்தது, சுமார் 12,000 பெயர்கள். அதன் பின்னால் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கும் தோட்டம்தான் இரண்டாம் போருக்கானது, 1955 நவம்பரில் திறந்தது, ஏறத்தாழ 24,000 பெயர்கள். போவதற்கு முன் ஆணையத்தின் பதிவிலிருந்து பேனல் எண்ணை (பெயர் எந்தத் தகட்டில் இருக்கிறது என்பதை) எழுதிக்கொண்டு போய்விடுங்கள், இல்லாவிட்டால் அத்தனை வெண்கலத் தகடுகளுக்கு நடுவில் திகைத்துப் போவீர்கள். கப்பல்கள் அகரவரிசையில், ஒவ்வொரு கப்பலின் கீழும் முதலில் கேப்டன், பிறகு மற்றவர்கள் அகரவரிசையில். பதவி, சம்பளம் எதுவும் பார்க்காமல் எல்லோரும் ஒரே அளவு எழுத்தில். தகடுகளுக்கு இடையில் ஏழு கடல்களைக் குறிக்கும் சிற்பங்கள், நடுவில் வெண்கலத்தில் செய்த திசைகாட்டி, காந்த வடக்கைப் பார்த்தபடி பதித்திருக்கிறார்கள். போட்டோ எடுக்கும்போது ஒரு பெயரை மட்டும் எடுக்காமல் கப்பலின் தலைப்பு முதல் கடைசிப் பெயர் வரை முழுவதும் எடுங்கள், கூட இறந்தவர்களின் குடும்பத்துக்கும் உபயோகப்படும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் வெண்கலம் கண்ணைக் கூசும்.

மும்பையில் இந்திய மாலுமிகள் இல்லத்தில் இரண்டு போர்களுக்கும் நினைவகம் உண்டு. முதல் போரில் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத 2,000-க்கு மேற்பட்டவர்கள். இரண்டாம் போருக்கு ஒரே மாதிரி இரண்டு பெயர்ப் புத்தகங்கள் செய்து ஒன்றை இங்கேயும் மற்றொன்றைச் சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்திலும் வைத்தார்கள். ஏறத்தாழ 6,000 வணிக மாலுமிகளும் 400-க்கு மேற்பட்ட கடற்படையினரும் அதில் இருக்கிறார்கள். மும்பையில் இருப்பது இன்றும் மாலுமிகள் தங்கும் இடம். முன்கூட்டியே கேட்டு, எந்தப் போர், எந்தக் கப்பல், எந்தப் பெயர் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கொல்கத்தாவில் பிரின்செப் காட் அருகே இருக்கும் லஸ்கர் நினைவுச் சின்னத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் போய் முதல் போரில் மாண்ட 896 லஸ்கர்களுக்காக 1924 பிப்ரவரியில் திறந்தது. நான்கு பக்கமும் கப்பலின் முன்மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், கீழே அலை, மேலே சிறு மினார்கள், உச்சியில் குவிமாடம். ஐரோப்பியச் சின்னத்தை அப்படியே கொண்டுவந்து நட்டுவைக்காமல் போனவர்களுக்கு ஏற்றபடி கட்டியிருக்கிறார்கள் என்பதால் எனக்கு இது மற்ற எல்லாவற்றையும் விடப் பிடிக்கும்.

வேறு நாட்டுக் கொடியின் கீழ் போனவர் என்றால்

நார்வே கப்பல் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அந்த நாட்டின் போர் மாலுமிகள் பதிவகம் ஒவ்வொரு ஆளுக்கும் கப்பலுக்கும் தனிப் பக்கம் போட்டிருக்கிறது, ஸ்டாவெர்னில் 1926-இல் திறந்த பிரமிட் வடிவ நினைவகத்தில் பெயர்களும் இருக்கின்றன. கனடா என்றால் ஹாலிஃபாக்ஸ் நினைவிடம், கூடவே கனடா அரசின் இணைய நினைவகம். டச்சு வணிகக் கப்பல்களுக்கு ராட்டர்டாமில் 1957-இல் திறந்த கப்பல் முன்மூக்குச் சின்னம். ஜப்பான் தரப்பில் 60,000-க்கு மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள், யோகோசுகாவின் கன்னோன்சாகியில் 1971-இல் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

நியூயார்க் போனால் பேட்டரி பூங்கா ஓரத்தில் இருக்கும் அமெரிக்க வணிக மாலுமிகள் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். மரிசோல் செய்த சிற்பம், 1991. 1942-இல் மூழ்கடிக்கப்பட்ட மஸ்கோகி என்ற எண்ணெய்க் கப்பலின் ஆட்களை, தாக்கிய நீர்மூழ்கியிலிருந்தே எடுத்த புகைப்படம்தான் அதற்கு மூலம். மூழ்கும் மேடையில் மூவர், தண்ணீருக்குள் ஒருவர் கையை நீட்டியபடி. கடல் ஏறும்போது அவர் தண்ணீருக்குள் போய்விடுவார், இறங்கும்போது தெரிவார், அதனால் ஏற்ற இறக்க நேரம் பார்த்துப் போனால் இரண்டையும் காணலாம்.

பெயர் கிடைத்த பிறகு

நினைவு நாள் என்று ஒன்று வைத்துக்கொள்ள நினைத்தால் செப்டம்பர் 3 பொருத்தமானது. 1939-இல் போர் அறிவித்த அதே நாளில் அதீனியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. பிரிட்டன் 2000 முதல் அன்றைக்கு வணிகக் கப்பற்படை நாள் அனுசரிக்கிறது, கனடாவும் ஆஸ்திரேலியாவும் அதே தேதியில். ஸ்டாஃபோர்ட்ஷையரில் இருக்கும் தேசிய நினைவு மரத்தோட்டத்தில் இரண்டாம் போரில் மூழ்கிய கப்பல்களுக்காக 2,535 ஓக் மரங்களை நட்டு ஒரு கான்வாய் போலவே வளர்த்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கப்பல் மூழ்கிய தேதியில் வீட்டிலேயே பெயரைச் சொல்லி வணங்கலாம்.

ஒரு தாளில் பெயரை ஆணையத்தின் பதிவில் உள்ளபடியும் வீட்டில் அழைத்தபடியும் இரண்டு விதமாகவும் எழுதுங்கள். கீழே கப்பல், பதிவுத் துறைமுகம், வேலை, மூழ்கிய தேதி, நினைவிடம், பேனல் அல்லது பக்க எண். எந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்பதை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்துவிடுங்கள், குடும்பப் பேச்சாக வந்ததை அப்படியே குடும்பப் பேச்சு என்றே எழுதுங்கள். ஒரு நகலை வீட்டில் மூத்தவர்களிடம் கொடுத்துப் படித்துக் காட்டுங்கள். கப்பல் பெயரைக் காதில் கேட்டதும் அவர்களுக்கு இன்னொரு பெயர், இன்னொரு ஊர் ஞாபகம் வரும், அதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.